ரிமாண்டுக்கு முன் மருத்துவமனை

கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ சட்டைப்பையில் கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபடும் ஓர் இளைஞர், அந்தப் பழக்கத்துக்கு அடிமையானவராகவும் இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களின் வரம்புக்குள் வருகிறார். 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம், சுருக்கமாக என்.டி.பி.எஸ். சட்டம், அவரைக் குற்றம் சாட்டப்பட்டவராகப் பார்க்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மதுவையும் போதைப்பொருளையும் தவறாகப் பயன்படுத்துவதால் வரும் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருப்பதால், அவரைச் சிகிச்சை பெறும் உரிமையுள்ள நோயாளியாகப் பார்க்கிறது. நடைமுறையில் முதல் சட்டம் முந்திக்கொள்கிறது. இரண்டாவது சட்டம் பெரும்பாலும் அவர் இருக்கும் இடத்துக்கு வந்து சேருவதே இல்லை. கடுமைக்குப் பெயர்போன அந்த முதல் சட்டத்துக்குள்ளேயே சிகிச்சைக்குப் போகும் இரண்டு வழிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன என்பது வழக்காடுவோரில் பலருக்கும், குற்றம் சாட்டப்படுவோரில் ஏறத்தாழ அனைவருக்கும் தெரியாத செய்தியாக இருந்து வருகிறது.

அவ்வழிகளில் ஒன்று பிரிவு 64ஏ. போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்துக்காகவோ, ‘சிறு அளவு’ வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஓர் அடிமை, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துகின்ற அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்தக்கூடாது என்று அது சொல்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். மற்றொன்று பிரிவு 39. இது குற்றம் உறுதியான பிறகு வருவது: குற்றவாளியின் வயது, நடத்தை, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைக் கருதி, உடனே சிறைத்தண்டனை விதிக்காமல், அவருடைய சம்மதத்தின் பேரில் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் அவரைச் சிகிச்சைக்காக விடுவிக்கலாம், சிகிச்சையின் பலன் குறித்த அறிக்கையை ஓராண்டுக்குள் அவர் நீதிமன்றத்தில் தரவேண்டும், அறிக்கை நிறைவளித்தால், அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மிகாத காலத்துக்கு மீண்டும் ஒரு பிணைப்பத்திரத்துடன் எச்சரித்து அனுப்பிவிடலாம். எது சிறு அளவு என்பதை 2001ஆம் ஆண்டின் அறிவிக்கை வரையறுக்கிறது: கஞ்சாவுக்கு 1 கிலோ, ஹெராயினுக்கு 5 கிராம், அபினுக்கு 25 கிராம். சில கிராம் பொட்டலம் வைத்திருக்கும் கல்லூரி மாணவரும், முக்கால் கிலோவைப் பிரித்து விற்கும் சில்லறை வியாபாரியும் கஞ்சாவைப் பொறுத்தவரை ஒரே வரம்புக்குள் விழுகிறார்கள் என்பது இந்த வரையறையின் பெரிய குறை. ஆகவே யார் அடிமை, யார் வியாபாரி என்று பிரித்துப் பார்க்கும் வேலை எடைத்தராசால் முடியாதது. அதற்கு மருத்துவர் தேவைப்படுகிறார்.

இந்த வழிகள் எவ்வளவு அரிதாகவும் எவ்வளவு தாமதமாகவும் பயன்படுகின்றன என்பதற்கு மும்பை சான்று தருகிறது. 2001இல் அங்கே கொக்கெய்ன் வழக்கில் கைதான ஒரு திரைப்பட நடிகர், மருத்துவமனையில் போதை மீட்பு சிகிச்சை பெற்றதைக் காட்டிப் பிரிவு 64ஏயின் கீழ் வழக்கிலிருந்து விலக்குப் பெற்றது 2012இல். நல்ல வழக்கறிஞர்களை அமர்த்திக்கொள்ள முடிந்தவருக்கே 11 ஆண்டுகள் ஆயின. மும்பைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களின் 10,669 வழக்குகளை விதி சட்டக்கொள்கை மையம் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றில் 87 விழுக்காடு கஞ்சா வகைகள் தொடர்பானவை என்பதும், பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தெருவில் வாழ்வோரும் கூலித் தொழிலாளருமே என்பதும் தெரியவந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி வெளியேறுவதே அவர்களின் வழக்கமான முடிவாக இருந்தது. அபராதம் கட்டியவர் அன்று மாலையே பழைய இடத்துக்குத் திரும்புகிறார். அவருடைய நோயை யாரும் தொடவில்லை.

தாமதம் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதை விளங்கிக்கொள்ள, அடிமைத்தனம் மூளையில் எப்படி வேரூன்றுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். உணவு, உறவு, பாராட்டு போன்ற நல்ல அனுபவங்களின்போது மூளையின் நடுப்பகுதியிலிருந்து டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, ‘இதை மறுபடியும் செய்’ என்ற பாடத்தைப் பதிக்கிறது. போதைப்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் இதே சுரப்பை இயல்புக்கு மீறி உயர்த்துகின்றன. இந்த உயர்வு தொடரும்போது மூளை தன் ஏற்பிகளை, அதாவது அந்த வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களை, குறைத்துக்கொண்டு சமன் செய்ய முயல்கிறது. முன்பு கிடைத்த அதே போதைக்கு இப்போது கூடுதல் அளவு தேவைப்படுகிறது. மருத்துவர்கள் இதைத் தாங்குதிறன் என்கிறார்கள். இன்னொரு பக்கம், பின்விளைவை எண்ணி ஆசையை அடக்கும் நெற்றிப்புற மூளையின் பிடி தளர்கிறது. அந்தப் பகுதி முழு வளர்ச்சி அடைவதே ஏறத்தாழ 25 வயதில்தான் என்பதால், பதின்பருவத்தில் பழகத் தொடங்குவோருக்கு ஆபத்து கூடுதல். பழக்கம் எத்தனை ஆண்டு பழையதோ அத்தனை ஆழமாக இந்த மாற்றங்கள் படிகின்றன; தொடக்கத்திலேயே நிறுத்தியவருக்கு மீட்சி எளிதாகிறது; வேலை, குடும்பம், படிப்பு என்ற பிடிமானங்களும் அவரிடம் இன்னும் முறியாமல் இருக்கின்றன.

கைதான முதல் சில நாட்களுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. போதைக்குப் பழகிய உடலிலிருந்து அந்தப் பொருள் திடீரென விலகும்போது தோன்றும் தொல்லைகளை விலகல் அறிகுறிகள் என்பர். ஹெராயின் பழகியவருக்கு முதல் நாளிலேயே கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, தசைவலி தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைகின்றன. கஞ்சா பழகியவருக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் பசியின்மையும் ஒன்றிரண்டு வாரம் நீடிக்கலாம். எல்லாவற்றிலும் ஆபத்தானது மதுவின் விலகல். கடைசியாகக் குடித்து எட்டு மணி நேரத்துக்குள் கைநடுக்கம், இரண்டு நாட்களுக்குள் வலிப்பு, இரண்டாம் மூன்றாம் நாட்களில் இல்லாததைக் கண்டு அலறும் சித்தப்பிரமை என்று அது முற்றி, கவனிக்காவிட்டால் உயிரையும் பறிக்கலாம். காவல் நிலையக் கொட்டடியிலும் கிளைச் சிறையிலும் கழிகிற நேரம் சரியாக இந்த நேரமே. திமிராகவோ நடிப்பாகவோ காவலருக்குப் படுவது பல சமயம் உடலின் அவசர அழைப்பு. அதே நேரம், கைநடுங்கி வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும் இந்த 72 மணி நேரத்தில்தான், பல ஆண்டுகளில் முதல் முறையாக, அந்த மனிதர் சிகிச்சைக்குச் சரி என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறார். தையமின் ஊசி, நடுக்கத்தை அடக்கும் மாத்திரை, நீர்ச்சத்து, அபின் வகைக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் என்று அப்போது தேவைப்படுபவை எந்த அரசு மருத்துவமனைக்கும் எட்டாத பொருள்கள் அல்ல.

சிறைக்குள் போய்விட்டால் பழக்கம் தானாக நின்றுவிடும் என்ற பொதுவான நம்பிக்கை உடலியலுக்கு முரணானது. உள்ளே இருக்கும் மாதங்களில் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது, ஆனால் ஏக்கம் குறைவதில்லை. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுக்கும்போது உடல் அதைத் தாங்குவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்ற மக்களைவிட 12.7 மடங்காகவும், போதைப்பொருள் மிகையால் இறக்கும் வாய்ப்பு 129 மடங்காகவும் இருந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் ஹெராயினைவிட, வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கமே இன்று இளைஞரிடையே கவலையூட்டுகிறது. அவற்றில் டிரமடாலை 2018இல் என்.டி.பி.எஸ். சட்டத்தின் கீழ் கொண்டுவந்த பிறகு பழக்கம் டேபெண்டடால் பக்கம் நகர்ந்தது. இரண்டும் அபின் போலவே மூளையில் வேலை செய்பவை என்பதால், விடுதலைக்குப் பிந்தைய மரண ஆபத்து இங்கும் அப்படியே பொருந்தும்.

காவிரிப் படுகையில் இந்தச் சிக்கலுக்குச் சொந்த முகம் உண்டு. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா பேருந்திலும் தொடர்வண்டியிலும் இறங்கி, ஒரு பகுதி உள்ளூர்ப் பொட்டலங்களாகவும், பெரும் மூட்டைகள் வேதாரண்யம், கோடியக்கரைக் கடற்கரை வழியாக இலங்கைக்கும் போகிறது. மூட்டைகளைப் பிடிப்பது கடத்தல் தடுப்பு. அங்கே சட்டத்தின் கடுமை முழுமையாகத் தேவை. பொட்டலம் வேறு விவகாரம். அதைவிடப் பெரிய விவகாரம் மது. 2019இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் மைய அரசுக்காக வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். என்.டி.பி.எஸ். சட்டத்தின் சிகிச்சை வழிகள் மதுவுக்குத் திறப்பதில்லை, ஏனெனில் மது அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. சாராயத்துக்காகவும் குடித்துவிட்டுச் செய்த சண்டைக்காகவும் நீதிமன்றம் ஏறும் விவசாயக் கூலித் தொழிலாளருக்கு, அபராதமும் சில நாள் சிறையும் தவிர வேறெதுவும் எழுதப்படுவதில்லை.

இந்தப் படுகைக்கே உரிய விடை ஒன்று முன்பே கிடைத்திருக்கிறது. 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், நகர மருத்துவமனைக்கு வரமுடியாத கிராமத்துக் குடிநோயாளிகளுக்கு என்ன வழி என்று யோசித்து, 1980களின் இறுதியில், அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருப்பதுமான மஞ்சக்குடி கிராமத்தில் சிகிச்சை முகாம்களை நடத்தத் தொடங்கினார். சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து ஒரு சிறு தொகுதியினரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வாரம் அங்கேயே தங்கவைத்து, விலகல் அறிகுறிகளுக்கு மருந்து கொடுத்து, குழுவாகவும் தனியாகவும் ஆலோசனை வழங்கி, மனைவியரையும் பெற்றோரையும் அழைத்துப் பேசி, முகாம் முடிந்த பிறகும் அந்தக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று கவனிப்பது அதன் முறை. பொறுப்பின் ஒரு பகுதியை உள்ளூரே ஏற்றுக்கொண்டது. குடியை விட்டவர் மறுநாள் காலை யார் முகத்தில் விழிக்கவேண்டுமோ அந்த முகங்களே அவருக்குக் காவலாகவும் துணையாகவும் இருந்தன. குடிநோய் ஒரு மனிதரின் ஒழுக்கக்கேடு என்ற எண்ணத்தை அவ்வூர்களில் அசைத்தது இந்த அணுகுமுறையின் பெரிய சாதனை. மஞ்சக்குடி அனுபவம் பின்னர் நூலாகவும் வெளிவந்து, பிற இடங்களின் முகாம்களுக்கு முன்மாதிரியானது. வழக்கோ நீதிமன்றமோ அதில் சம்பந்தப்படவில்லை. ஆயினும் பிரிவு 39 கேட்கும் சிகிச்சையையும் அறிக்கையையும் ஒரு நெல்வயல் கிராமத்தில் எப்படி நிறைவேற்றுவது என்ற கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் தமிழ்நாட்டில் இல்லை.

பிடிபடும் எல்லோரையும் சிகிச்சைக்கு அனுப்பவேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. அதே 2019 கணக்கெடுப்பு இந்தியாவில் பாங்கு உட்பட கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 3.1 கோடி என்றும், அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் உள்ளோர் ஏறத்தாழ 72 லட்சம் என்றும் மதிப்பிடுகிறது. அதாவது நான்கில் மூவருக்கு மேல் நோயாளிகள் அல்லர். அவர்களைப் படுக்கையில் சேர்ப்பது படுக்கையை வீணாக்குவதுடன், அடிமை என்ற முத்திரையையும் தேவையின்றிக் குத்துகிறது. இந்த இரு வகையினரையும் பிரித்தறிய உலக நலவாழ்வு நிறுவனம் ‘அசிஸ்ட்’ என்ற எட்டுக் கேள்விப் படிவம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. எந்தப் பொருளை, எவ்வளவு அடிக்கடி, அதனால் உடம்புக்கோ வேலைக்கோ என்ன கெடுதல், விட முயன்று முடியாமல் போனதா என்று கேட்டு, பதில்களுக்கு மதிப்பெண் இட்டு, ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அது வகைப்படுத்துகிறது. நடுத்தர ஆபத்தில் இருப்பவரிடம் அந்த மதிப்பெண்ணைக் காட்டி கால் மணி நேரம் கண்டனமின்றிப் பேசுவதே பயன்பாட்டைக் குறைக்கிறது என்று இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. அதிக ஆபத்தில் இருப்பவருக்கே தொடர் சிகிச்சை தேவை.

இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கான இடமும் நேரமும் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, கைதானவரை உடனே மருத்துவ அலுவலர் பரிசோதிக்கவேண்டும் என்கிறது. அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்கிறது. இன்று அந்த மருத்துவப் பரிசோதனை, உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கூடவே எட்டுக் கேள்விகளைக் கேட்டு எழுதினால், ரிமாண்டு தாள்களுடன் ஒரு மருத்துவக் குறிப்பும் நடுவரின் மேசைக்குப் போகும். பிரிவு 64ஏயின் உரிமையைக் கைதானவரிடம் எடுத்துச் சொல்லவேண்டும் என்ற கடமையை அந்தப் பிரிவு யாருக்கும் விதிக்கவில்லை என்பதே அதன் பெரிய ஓட்டை. கேட்டால் மட்டுமே கிடைக்கும் உரிமை, இருப்பதே தெரியாதவருக்கு எப்படிக் கிடைக்கும்? தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் போதைப்பொருளால் பாதிக்கப்பட்டோருக்காக 2015இலேயே ஒரு தனித் திட்டம் வகுத்திருப்பதால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் ரிமாண்டு வழக்கறிஞர் இந்தக் கடமையை ஏற்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

வெளிநாட்டு அனுபவங்களில் இரண்டு இங்கே உதவும். போர்ச்சுகல் 2001இல், பத்து நாள் தேவைக்கு மிகாமல் போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து அகற்றி, பிடிபட்டவரை 72 மணி நேரத்துக்குள் சட்டம், மருத்துவம், சமூகப்பணி அறிந்த மூவர் குழுவின் முன் வரச்செய்யும் முறையைக் கொண்டுவந்தது. அந்தக் குழு அவர் அடிமையா என்று ஆராய்ந்து சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. அமெரிக்காவில் 1989இல் மயாமியில் தொடங்கிய போதைப்பொருள் நீதிமன்றம், சிகிச்சையை நீதிபதியே அடிக்கடி நேரில் கண்காணிக்கும் முறை. 2012 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இம்முறையில் வந்த வயதுவந்தோரிடையே மீண்டும் குற்றம் புரிவது 50 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 38 விழுக்காடாகக் குறைந்திருந்தது. கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் கிடைக்கும் பாடம் நேர்மாறானது. இலங்கையின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்ற ஆணையால் கட்டாயச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. இராணுவம் நடத்திய பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு மறுவாழ்வு நிலையத்திலிருந்து 2022 ஜூனில், அங்கிருந்த ஒருவரின் மரணத்தை அடுத்து மூண்ட கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினர். கட்டாயமும் அணிவகுப்பும் மருத்துவத்தின் இடத்தைப் பிடித்தால் அது சிறையின் இன்னொரு பெயராகிவிடுகிறது. பிரிவு 39 சம்மதத்தையும், பிரிவு 64ஏ தாமாக முன்வருவதையும், இரண்டும் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையையும் நிபந்தனையாக வைத்திருப்பதை இந்த வெளிச்சத்தில் மதிக்கவேண்டும். அடித்தும் கட்டிவைத்தும் திருத்துவதாகச் சொல்லும் பதிவற்ற இல்லங்கள் தமிழ்நாட்டிலும் அவ்வப்போது பிடிபடுகின்றன.

மருத்துவமனைகளுக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959 முதல் இயங்குகிறது. திருவாரூருக்கு 2010இலும் நாகப்பட்டினத்துக்கு 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. 2025இல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. கட்டடமும் மருத்துவரும் மருந்தும் ஒரு பக்கம், காவல் நிலையமும் நடுவர் நீதிமன்றமும் இன்னொரு பக்கம் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு தாளும் ஒரு ஆளும் போய்வருவதற்கு ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு நடுவர் நீதிமன்றத்துக்கும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு சமூகப் பணியாளரை மருத்துவமனையின் மனநலப் பிரிவு நியமித்தால், அன்றே படுக்கை உறுதியாகும். சிகிச்சை பாதியில் நின்றாலும் நீதிமன்றத்துக்கு உடனே தெரியவரும்.

சிகிச்சைக் காலத்தைத் திட்டமிடுவோர் இந்த ஊரின் வேளாண் நாட்காட்டியையும் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் ஆண்டுகளில் குறுவையும் அதைத் தொடர்ந்து சம்பாவும் தாளடியும் கூலியாட்களை வயலில் கட்டிப்போடுகின்றன. நடவு நாட்களில் பதினைந்து நாள் முகாமுக்கு வா என்றால் யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் வீட்டில் உலை வைக்க வழியிராது. தை மாத அறுவடைக்குப் பின், உளுந்தும் பயறும் எடுத்து முடிந்த பிறகு, அடுத்த தண்ணீர் வரும்வரை வேலை மெலிந்த மாதங்கள் இருக்கின்றன. அறுவடை இயந்திரங்கள் பரவிய பிறகு அந்த ஓய்வு இன்னும் நீண்டிருக்கிறது. தங்கிப் பெறும் சிகிச்சைக்கு அந்த மாதங்களே ஏற்றவை. விட்ட பழக்கம் திரும்ப ஒட்டிக்கொள்ளும் அபாயம் கூடியதும் அதே மாதங்களில்தான், ஏனெனில் அறுவடைக் கூலி கையில் இருக்க, செய்வதற்கு வேலை இருப்பதில்லை. பிரிவு 39 தரும் ஓராண்டு அவகாசம் இந்த முழுச் சுற்றையும் அடக்கப் போதுமானது. மூன்று மாதத்தில் ‘தேறிவிட்டார்’ என்று எழுதித் தரப்படும் அறிக்கையை நடுவர் அப்படியே ஏற்காமல், ஒரு சம்பா அறுவடையும் அதன்பின் வரும் கோடையும் அந்த மனிதர் எப்படிக் கடந்தார் என்பதையும் சேர்த்து எழுதி வரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பதற்கு வேண்டிய அதிகாரம் அவரிடம் இருக்கிறது.